பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்பது

சில மாதங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கேள்விகள் குறைந்து, வீட்டைப் பற்றிய கேள்விகள் கூடியிருக்கின்றன. தென் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு 55 வயது நிறைகிறது. சேமநிதிப் பணம் கைக்கு வரும். பட்டணத்தில் இருக்கும் கொழுந்தனார், "பாழடைந்த தாமான் வீடு ஒன்றை மலிவாக வாங்கி, சாயம் அடித்து, சமையல்கட்டை மாற்றி விற்றால் ஒரே வருடத்தில் அறுபதாயிரம் லாபம், அண்ணி" என்கிறாராம். "செய்யலாமா? கூட்டிக் கழித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

கூட்டிக் கழித்தே சொல்கிறேன். ஆனால் கணக்குக்கு முன்னால் கிராண்ட்.

வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே அந்த வீட்டின் கிராண்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் அந்த நிலத்தின் பதிவை எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கறிஞர் மூலமாகவும் எடுக்கலாம். அந்தத் தாளில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டுகள் மிச்சம்? மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா? அப்படியானால் நம்மால் வாங்கவே முடியாது. யார் என்ன ஆசை காட்டினாலும் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். மூன்றாவது, யாராவது தடைப்பதிவு, அதாவது கேவியட், போட்டிருக்கிறார்களா? நான்காவதுதான் பலரும் கவனிக்காதது: மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கிறதா?

குத்தகை நிலத்து வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு அடிக்கடி இருக்கும். அனுமதிக்கு எழுதிப்போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க நேரிடும். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது இன்னொரு முறை. மலிவு விலை வீடுகளோ இன்னும் சிக்கல். பல மாநிலங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் கழியும்வரை அவற்றை விற்கவே முடியாது; கழிந்த பிறகும் அரசு அனுமதி வேண்டும், யார் வாங்கலாம் என்பதற்கும் விதி உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று நம்மவர்கள் முதலில் ஓடுவது இந்த வீடுகளுக்குத்தான். குடியிருக்க வாங்குவது வேறு விஷயம். ஒரு வருடத்தில் வாங்கி விற்கும் எண்ணத்தோடு இவற்றைத் தொடாதீர்கள்.

அடுத்து ஏலம். வங்கிக் கடன் கட்டாமல் போன வீடுகள் ஏலத்துக்கு வருகின்றன. ஒரு ஏலத்தில் கேட்பாரில்லை என்றால் அடுத்த ஏலத்தில் ஒதுக்கு விலையை வழக்கமாக 10 விழுக்காடு வரை குறைப்பார்கள். இரண்டு மூன்று சுற்று போனால் பார்ப்பவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் ஏலத்தில் வீடு இருக்கிற நிலையிலேயே உங்கள் தலையில் கட்டப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். பழைய குடும்பம் இன்னும் உள்ளே குடியிருந்தால் அவர்களை வெளியேற்றுவது உங்கள் பாடு, உங்கள் செலவு. நான் இத்தனை வருடம் ஆசிரியர் தொழிலில் இருந்து பழகிய மனிதர்களில், கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடியவர்கள் மிகச் சிலர். அப்படித் தூங்க முடியாதவர்கள் ஆள் இருக்கிற வீட்டை ஏலத்தில் எடுக்காமலிருப்பது நல்லது.

ஏலத்துக்கு 10 விழுக்காட்டு முன்பணத்தை வங்கி வரைவோலையாகக் கொண்டுபோக வேண்டும். மீதியை ஏல விதிகளில் எழுதியிருக்கும் நாட்களுக்குள், 90 அல்லது 120 நாட்களுக்குள், கட்ட வேண்டும். கடன் கிடைக்கவில்லை என்றால் அந்த முன்பணம் போனது போனதுதான். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இப்போது லோரி ஓட்டுகிறான், ஏலத்தில் வீடு எடுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் கடன் கேட்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கினான். மோட்டார் சைக்கிள் கடனில் மூன்று மாதத் தவணை பிந்தியிருந்தது அவன் பெயரில் பதிவாகியிருந்தது. ஒரு வங்கியும் கொடுக்கவில்லை. 14,000 வெள்ளி முன்பணம் போயிற்று. முதல் வீடு வாங்குகிறவர்கள் ஏலத்துக்குப் போகாமல், உரிமையாளரிடம் நேரடியாக வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

இனி வீட்டைப் பார்ப்போம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த உடனே போங்கள். கூரை ஒழுகுவது, சுவர் ஈரம் குடிப்பது, பின் சந்துக் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் வருவது எல்லாம் அப்போது தெரியும். புதிதாகச் சாயம் அடித்த ஒரு மூலையை மட்டும் பார்த்தால் சந்தேகப்படுங்கள். கதவு நிலையின் அடிப்பாகத்தையும் கூரைச் சட்டங்களையும் ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறையான் அரித்த மரத்தின் வெற்றுச் சத்தம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கறையான் கூரைவரை ஏறியிருந்தால் அது சாயம் அடித்துத் தீருகிற வேலை இல்லை. பழைய வீடுகளின் கூரைத் தகட்டிலும் மேற்சீலிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை நீங்களே ரம்பம் போட்டு அறுக்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வருகிறது.

மின்சாரத்திலும் கை வைக்காதீர்கள். "நானே லயத்து வீட்டுக்கு வயர் இழுத்தவன், வாத்தியாரே" என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். நல்ல கைகாரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்கப்போகிற வீட்டின் வயரிங்கை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். நாளைக்கு அந்த வீட்டில் யாரோ ஒருவருடைய குழந்தை குளிக்கப் போகிறது. சுடுநீர்க் கருவிக்குத் தனியாக மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சுவரை இடிப்பது, சமையல்கட்டைப் பின்பக்கம் நீட்டுவது, முன்னால் கொட்டகை போடுவது ஆகியவற்றுக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முன்பிருந்தவர் அனுமதி இல்லாமல் நீட்டிக் கட்டியிருந்தால் அந்தத் தொல்லையும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வருகிறது. வரிசை வீட்டில் இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டுக்காரர்களுக்கும் சொந்தம் என்பதால், சம்மட்டி எடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எதில் செலவு செய்வது? கூரை, குழாய், வயரிங் இம்மூன்றும் முதலில். பிறகு சமையல்கட்டும் குளியலறையும். கடைசியில் சாயம். வாங்க வருகிற குடும்பத்தில் முடிவு சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவிதான். அவர் கூடத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார். அங்கே தண்ணீர் ஒழுங்காக ஓடி, மேடை சுத்தமாக இருந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் வெளிச்சம் இருந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. சீலிங்கில் பூ வேலைப்பாடு, வாசலில் ரோமாபுரித் தூண், விலையுயர்ந்த சரவிளக்கு, இவையெல்லாம் போட்ட காசைத் திருப்பித் தராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாமி படம் போட்ட ஓடுகளைச் சுவரில் பதித்துவிட்டு வீட்டை விற்பனைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம். அவர் அந்த ஓட்டை உளியால் பெயர்த்தெடுக்க வேண்டிவரும். அது அவருக்கும் சங்கடம், சாமிக்கும் மரியாதை இல்லை.

குத்தகையாளரைப் பிடிக்கும்போது சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று பார்த்து வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். என்ன வேலை, என்ன சாமான், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பது தாளில் இருக்கட்டும். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, இன்னொரு வேலைக்குப் போய்விட்ட குத்தகையாளர்களைப் பற்றி மட்டும் இந்த ஆண்டில் எனக்கு மூன்று கடிதம் வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் பெயர், தேதி, விவரம் போட்ட ரசீது வாங்குங்கள். ஏன் இப்படி ரசீது ரசீது என்று அடித்துக்கொள்கிறேன் என்பது கணக்கில் தெரியும்.

இதோ கணக்கு. இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி செய்து பாருங்கள். 160,000 வெள்ளிக்கு ஒரு மாடியில்லாத வரிசை வீடு. தகப்பனுக்கு 55 வயது என்றால் நீண்ட காலக் கடன் கிடைக்காது. ஆகவே வேலையிலிருக்கும் மகன் பெயரில் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு, அதாவது 16,000, கையிலிருந்து. மீதி 144,000 வங்கிக் கடன். வாங்கும் பத்திரத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, 2,000. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடும் அதற்கு மேல் 2 விழுக்காடுமாக 2,200. கடன் பத்திரத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1,800, முத்திரை வரி 720. சில்லறைச் செலவுகளையும் சேவை வரியையும் சேர்த்து எல்லாம் 7,500 என்று வைப்போம். முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரிச் சலுகை உண்டு; உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

பழுது பார்க்க 25,000. வேலை முடிந்து, ஆள் கிடைத்து, பணம் கைக்கு வர 10 மாதம். ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 540 வீதம் 5,400 வட்டிக்கே போகிறது. தண்ணீர், மின்சாரம், நிலவரி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி ஆகியவற்றுக்கு 1,200. பிறகு விற்கும் செலவு. 220,000க்கு விற்றால் வீட்டு முகவருக்கு 3 விழுக்காடு, 6,600. விற்பனைப் பத்திரத்துக்கு உங்கள் வழக்கறிஞருக்கு 2,750. இதோடு, பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒரு வரி கடன் பத்திரத்தில் இருக்கும்: முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள் கடனை முழுதாகத் தீர்த்தால் அபராதம். அது 3 விழுக்காடு என்றால் 4,320.

எல்லாவற்றையும் கூட்டுங்கள். 212,770. விற்றது 220,000. மிச்சம் 7,230 வெள்ளி. கொழுந்தனார் சொன்ன அறுபதாயிரம் எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா? விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையை மட்டும் கழித்தால் அறுபதாயிரம் வருகிறது. நடுவில் உள்ளவை அவர் கணக்கில் இல்லை.

இன்னும் முடியவில்லை. சொத்து ஆதாய வரி இருக்கிறது. நிலத்தை வாங்கி விற்று விலையை ஏற்றுகிறவர்களைக் கட்டுப்படுத்த 1974இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1976இல் வந்ததுதான் இன்றைய ஆதாய வரிச் சட்டம். குடிமக்கள் வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல், 2022லிருந்து, வரி இல்லை.

மேலே சொன்ன வீட்டில் 60,000 ஆதாயத்திலிருந்து புதுப்பித்த செலவு 25,000, வாங்கிய செலவில் 4,200, விற்ற செலவு 9,350 ஆகியவற்றைக் கழித்தால் 21,450. கடன் வட்டியையும் வங்கி அபராதத்தையும் இதில் நான் கழிக்கவில்லை. சட்டம் தரும் 10,000 வெள்ளி விலக்கையும் எடுத்துவிட்டால் 11,450. அதில் 30 விழுக்காடு 3,435. ஆக உங்கள் கையில் நிற்பது 3,795 வெள்ளி. புதுப்பித்த செலவுக்கு ரசீது இல்லை என்று வையுங்கள். வரி 10,935 ஆகிவிடும். 3,705 வெள்ளி நட்டம்! வெறும் துண்டுக் காகிதம் என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுத் துவைத்துவிடுகிறோமே, அந்தக் காகிதத்தின் விலை 7,500 வெள்ளி. ரசீது இருந்தாலும், வீட்டின் மதிப்பைக் கூட்டி விற்கும் நாளிலும் வீட்டில் நிற்கிற வேலையைத்தான் வரி இலாகா ஏற்கும். ஒழுகிய இடத்தில் பூசியதும் புல் வெட்டியதும் அதில் சேரா.

இந்த 10 மாதத்தில் அந்தக் குடும்பம் முன்பணம், பத்திரச் செலவு, பழுது, மாதத் தவணை என்று கையிலிருந்து இறக்கிய பணம் ஏறக்குறைய 56,000 வெள்ளி. அதே 56,000 சேமநிதியிலேயே கிடந்திருந்தால்? 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. 3,528 வெள்ளி. கல் தூக்காமல், குத்தகையாளரைத் துரத்தாமல், இரவில் தூக்கம் கெடாமல். 55 வயதானதும் பணத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியானால் இந்தத் தொழிலில் யாருமே சம்பாதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சம்பாதிக்கிறார்கள். தச்சு வேலையும் கொத்து வேலையும் சொந்தக் கையால் செய்யத் தெரிந்தவர்கள், கடன் இல்லாமல் ரொக்கமாக வாங்கக் கூடியவர்கள், அந்தத் தாமானில் எந்தத் தெரு எந்த விலைக்குப் போகிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்கள். அவர்களும் அடிக்கடி வாங்கி விற்றால் வரி இலாகா அதைத் தொழில் என்று கருதி வருமான வரி கேட்கலாம். விலை விஷயத்தில் முகவர் வாயை நம்பாதீர்கள். பக்கத்து வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பது அரசாங்க மதிப்பீட்டுத் துறையின் பதிவுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டை வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுப்பதும் மதிப்பீட்டாளர் போடும் விலையைப் பார்த்துத்தான். தெருவில் மற்ற வீடுகள் 190,000க்குப் போயிருக்கும்போது உங்கள் சமையல்கட்டு எவ்வளவு பளபளத்தாலும் 220,000க்குக் கடன் கிடைப்பது கடினம். வாங்க வந்தவர் மனமிருந்தும் விலகிப் போவார்.

சகோதரிக்கு நான் சொல்லும் யோசனை வேறு. வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பம் உங்களுடையது. நீங்கள் வாங்கப் போகும் முதல் வீடு சரக்கு அல்ல, ஒதுங்கும் கூரை. ஆகவே பழைய வீடாகவே வாங்குங்கள், ஆனால் அதில் குடியேறுங்கள். குடியிருந்துகொண்டே முதல் ஆண்டில் கூரை, இரண்டாம் ஆண்டில் வயரிங், போனஸ் கிடைத்த ஆண்டில் சமையல்கட்டு என்று செய்யுங்கள். ஆறாம் ஆண்டில் விற்க மனம் வந்தால் ஆதாய வரி இல்லை, வங்கி அபராதக் காலமும் முடிந்திருக்கும், இடையில் வாடகையும் கொடுத்திருக்கமாட்டீர்கள். மகனுக்குச் சேமநிதியில் செஜாத்ரா கணக்கில் பணம் இருந்தால் குடியிருக்கும் வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். வாழ்நாளில் ஒரு முறை குடியிருப்பு வீடு ஒன்றை விற்கும் ஆதாயத்துக்கு முழு வரிவிலக்குக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. மூவாயிரம் வெள்ளி லாபத்துக்கு அந்த ஒரே விலக்கைச் செலவழிக்காதீர்கள். மகன் பெயரில் வாங்கினால் வீடு மகனுடையது என்பதையும் மருமகள் வருவதற்கு முன்பே குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பணத்தை எடுத்தோ, வட்டி முதலையிடம் வாங்கியோ முன்பணம் கட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால், இந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

விற்கும் கட்டத்துக்கு வந்தவர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. வீடு காலியாக இருக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியிலும் அடைத்த கால்வாயிலும் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள். வாங்குகிறவர் தரப்பு விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வரி இலாகாவுக்குக் கட்டுவது வழக்கம். பணம் குறைகிறதே என்று பதறாதீர்கள், வரி அதைவிடக் குறைவு என்றால் மீதியைத் திரும்பப் பெறலாம். முழுப் பணமும் வந்து சேர்ந்தது என்று உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் சொல்லும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். சாவி கொடுத்த அன்றே மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் மூடிவிட்டு, நீங்கள் கட்டிய வைப்புத்தொகையைக் கேட்டு வாங்குங்கள்.